பழைய கைக்கடிகாரமும் மூன்று நாள் கெடுவும்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, இஷாவுக்குப் பின் நம் சங்கத்தில் நடைபெறும் வியாபாரப் பாடத்தின்போது, ஜவுளிக்கடை வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் தம் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேசைமீது வைத்தார். "இதை வாங்கிப் பத்து நாளாகிறது. வாங்கிய பிறகுதான் குறை தெரிந்தது. திருப்பிக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா?" என்பது அவர் கேள்வி. பாடம் நடத்தும் ஆலிம் அவர்கள் கடிகாரத்தைக் கையில் எடுக்கவில்லை. "குறை எப்போது தெரிந்தது?" என்று மட்டும் கேட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை, ஹஸ்ரத்."

"அன்றிலிருந்து இன்றுவரை கடிகாரம் எங்கே இருந்தது?"

அங்கத்தினர் சற்றுத் தயங்கி, "கையில்தான் இருந்தது" என்றார். சபையில் சிலர் சிரித்தார்கள். ஆலிம் அவர்கள் சிரிக்கவில்லை.

அப்படி ஏன் கேட்டார்கள் என்பதைப் பின்னால் சொல்வோம். முதலில் நடந்த விஷயம். கடிகாரம் 1958-ம் வருடத்தை ஒட்டிய எஃகு ஒமேகா சீமாஸ்டர். கொண்டுவந்தவர் வியாபாரியல்லர், அங்கத்தினருக்கு முகம் தெரிந்த ஓர் இளைஞர். பெட்டியடியில் வந்து நின்று, "வாப்பா மவுத்தாகி ஒரு வருஷமாகிறது, காக்கா. அவர்கள் கட்டியிருந்த கடிகாரம் இது. ஆயிரத்து இருநூறு வெள்ளி கொடுங்கள். இருக்கிறபடியே தருகிறேன், பிறகு ஒன்றும் கேட்கக் கூடாது" என்றிருக்கிறார். அங்கத்தினர் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிற்று. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார். ஒரு வாரம் சென்று, கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டியபோது, முகத்தட்டு பிற்காலத்தில் அழித்து மறுபடி எழுதப்பட்டது என்றும், உள்ளே ஈரம் ஏறித் துருக் கண்டிருக்கிறது என்றும் அவர் சொல்லிவிட்டார்.

இது ஒருவருடைய கவலை மட்டுமன்று. 1969-ம் வருடம் டிசம்பர் 25-ம் தேதி ஜப்பானில் செய்கோ நிறுவனத்தார் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபின், சாவி கொடுத்து ஓடும் கடிகாரங்கள் மேசை அறைகளுக்குள் போய்விட்டன. இன்று பாட்டனார் காலத்துக் கடிகாரத்தைத் தேடி வாங்குவோர் எங்கும் இருக்கின்றனர். ஆகவே அறைகள் திறக்கப்படுகின்றன. உள்ளேயிருந்ததை நம் கடைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். சிங்கப்பூரில் சுங்கை ரோட்டுப் பழம்பொருட் சந்தை 2017-ம் வருடம் ஜூலை 10-ம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஆனால் வீட்டிலிருந்து நேரே கொண்டுவந்து விற்பவருக்குச் சந்தை எதற்கு?

கடிகாரத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருவோம். காதில் வைத்துப் பார்ப்பது பார்வையாகாது. கடிகாரக்காரர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றைச் சில வெள்ளிக்கு வாங்கிப் பெட்டியடியில் போட்டு வைக்கலாம். மேற்சொன்ன ஒமேகாவையே எடுத்துக்கொள்வோம். அதன் மூடி, கண்ணாடி என்று நாம் சொன்னாலும், உண்மையில் பிளாஸ்டிக்கைச் சேர்ந்தது. கம்பெனியிலிருந்து வந்த மூடியானால், நட்ட நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒமேகா முத்திரை அச்சாகியிருக்கும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. அது இல்லையென்றால் மூடி மாற்றப்பட்டது என்று பொருள். அதற்காக முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. மூடி தேய்ந்து மாற்றப்படும் உருப்படிதான்.

முகத்தட்டு அப்படியன்று. பழைய கடிகாரத்தின் விலையில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. எழுத்தைப் பாருங்கள்: கம்பெனி அச்சு மெல்லியதாய், ஓரம் சிதறாமல், ஒரே கனத்தில் இருக்கும். மறுபடி எழுதியது தடித்திருக்கும். நிமிஷக் கோடுகள், பதித்த மணிக்குறிகளோடு நேருக்கு நேர் நில்லாமல் சற்று விலகும். அடியில் 'சுவிஸ் மேட்' என்பது கோணியிருக்கும் அல்லது இல்லாமலே போய்விடும். அறுபது வருஷத்துக் கடிகாரத்தின் முகம் நேற்று அச்சிட்ட கல்யாணப் பத்திரிகைபோல் மின்னினால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். பழைய பெயரோடு புதுச்சாயம் பூசி, பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டிச் சேர்த்து இந்தியாவிலிருந்து வருபவற்றுக்குச் சேகரிப்போர் 'பம்பாய் ஸ்பெஷல்' என்றே பட்டம் சூட்டியிருக்கின்றனர்.

பிறகு உடல். வாரைப் பிடிக்கும் கால்களின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, சோப்புக்கட்டிபோல் வழுவழுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பட்டை தீட்டித் தீட்டிக் கோடுகளைப் போக்கியிருந்தால் எஃகும் போயிருக்கும். கீறல் விழுந்த உடலைவிட மெருகிட்ட உடலுக்கே மதிப்புக் குறைவு என்பதை நம் வியாபாரிகள் முதலில் நம்ப மறுப்பார்கள். பித்தளைக் குடத்தைத் துலக்கி விற்கும் பழக்கம் நமக்கு!

பின்மூடியைத் திறக்கும் வேலை கடிகாரக்காரருடையது. உள்ளே மெஷின் செம்பு நிறமாக இருக்க வேண்டும். அதில் வெட்டிய வரிசை எண் ஒரு கோடியே அறுபது லட்சத்தை ஒட்டியிருந்தால் ஏறக்குறைய 1958-ம் வருடத்ததாகும். பின்மூடியின் உட்புறத்தில் கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் இருக்கும். மெஷின் ஒரு காலத்தையும் மூடி வேறொரு காலத்தையும் காட்டினால் அது இரண்டு கடிகாரம் சேர்ந்து பிறந்த பிள்ளை. நம் நாட்டுப் புழுக்கத்தில் துருவைத் தேடுவது மிக முக்கியம். ரப்பர் வளையம் காய்ந்துபோன கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஐவேளையும் உளூச் செய்தால் என்னவாகும்? உளூவின் தண்ணீர் தோலில் படுவதற்கும் கடிகாரத்தைக் கழற்றத்தான் வேண்டும். இரண்டு காரியம் ஒன்றாக முடியும்.

இன்னொன்று. அறுபதுகளுக்கு முந்திய கடிகாரத்தில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய பசை பெரும்பாலும் ரேடியம் கலந்தது. இப்போது ஒளிராவிட்டாலும் கதிர் வீசுவது நிற்கவில்லை; ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,600 வருஷம் செல்லும். முள்ளையும் முகத்தட்டையும் வீட்டில் சுரண்டுவதோ தூசியை ஊதுவதோ கூடவே கூடாது.

இத்தனை தேய்மானமும் மாற்றமும் உள்ள பொருளில் எதைத்தான் குறை என்பது? இதில்தான் நம் இமாம்களின் நுட்பம் தெரிகிறது. ஷாபிஈ நூல்களின்படி 'ஐபு' என்பது பொருளையோ அதன் விலையையோ குறைப்பதாக இருக்க வேண்டும். அத்துடன், அவ்வினத்துப் பொருளில் பொதுவாகக் காணப்படாததாகவும் இருக்க வேண்டும். ஹனபி நூல்களில் வியாபாரிகளின் வழக்கமே அளவுகோல்: அவர்கள் எதைக் கண்டால் விலையைக் குறைப்பார்களோ அது ஐபு. ஆகவே அறுபது வயதுக் கடிகாரத்தில் கீறலும், மூடியின் மங்கலும், முகத்தின் பழுப்பும் ஐபு ஆகா. அந்த வயதுக்கு அது இயல்பு. மறுபடி எழுதிய முகமும், வேற்று மெஷினும், உள்துருவும் ஐபு ஆகும். தேய்ந்தது குற்றமன்று, தேய்ந்ததை மறைப்பதே குற்றம்.

ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட சம்பவம் நம்மில் சிறுவரும் அறிந்தது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததற்காக அவரைக் கண்டிக்கவில்லை. நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்றே கேட்டார்கள். மோசம் செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கடும் எச்சரிக்கை அந்த இடத்தில்தான் பிறந்தது.

இதைவிடக் கடிகாரத்துக்கு நெருங்கிய ஹதீஸ் ஒன்று உண்டு. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்குமுன் சில நாள் பால் கறவாமல் மடியைக் கட்டி வைத்து, பால் மிகுந்ததுபோல் காட்டுவதை நபியவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் மூன்று நாள்வரை திருப்பிக் கொடுக்கலாம் என்றும், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுக்க வேண்டும் என்றும் அறிவித்தார்கள். மடி கட்டிய கடிகாரமும் இருக்கிறது. நின்றுபோன மெஷினைச் சுத்தம் செய்யாமல் இரண்டு சொட்டு எண்ணெயை விட்டால் அன்று ஓடும், நாளைக்கும் ஓடும். பழைய பசையும் புது எண்ணெயும் கலந்து இறுகியபின் நின்றுவிடும். கடைவாசலில் அரை நாழிகை காதில் வைத்துக் கேட்பவருக்கு மடி நிறைந்ததாகவே தோன்றும்.

அரசாங்கச் சட்டம் நமக்குத் துணை வராதா என்றால், சொந்தப் பொருளைத் தனியாள் விற்கும்போது அது வெகு தூரம் வராது. மலேசியாவில் 1957-ம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டமும் சரி, சிங்கப்பூரின் பொருள் விற்பனைச் சட்டமும் சரி, சரக்கு விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அத்தொழில் நடத்துபவர்மீதே வைக்கின்றன. வீட்டுக்காரர் தம் கடிகாரத்தை விற்றால், அவர் பொய் சொல்லாதவரை, வாங்குபவர் கண்தான் காவல். திருட்டுப் பொருள் விஷயத்தில் மட்டும் சட்டம் வாங்குபவரையே பிடிக்கும்: இரு நாட்டுக் குற்றவியல் சட்டத்திலும் 411-ம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. நாளாந்தம் பழம்பொருள் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொள்ள நினைப்பவர், அதற்கு லைசென்ஸ் வேண்டுமா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

சட்டம் நின்றுவிட்ட இடத்தில் ஷரீஅத் நிற்கவில்லை. "இருக்கிறபடியே தருகிறேன், பிறகு ஒன்றும் கேட்கக் கூடாது" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். கோப்பிக்கடையில் நடக்கும் வியாபாரம் பாதிக்கு மேல் இந்தப் பேச்சில்தான் முடிகிறது. ஹனபி மத்ஹபில் எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பில்லை என்று சொல்லி விற்பது செல்லும். குறைகளைப் பெயர் சொல்லி எண்ண வேண்டியதுகூட இல்லை. ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி அந்தப் பேச்சு, உயிர்ப் பிராணிகளில் விற்பவருக்கே தெரியாத உட்குறை விஷயத்தில் மட்டும் அவரைக் காப்பாற்றும். கடிகாரம் பிராணியன்று. கண்ணுக்குக் காட்டிய குறைக்கும் பெயர் சொல்லி ஒப்புக்கொண்ட குறைக்கும் விற்பவர் பொறுப்பாகார். மற்றவற்றுக்கு அவர் பொறுப்பு நீங்காது. நம் அங்கத்தினரும் அந்த இளைஞரும் ஷாபிஈக்கள். ஆகவே திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டாகியே இருந்தது. கடையநல்லூர், தென்காசி சகோதரர்களில் பலர் ஹனபிகளாதலால் அவர்கள் இவ்விடத்தில் இன்னும் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும்.

இப்போது ஆலிம் அவர்களின் கேள்விக்கு வருகிறோம். ஷாபிஈ மத்ஹபில் குறையைக் கண்டவுடன் தாமதமின்றித் திருப்ப முற்பட வேண்டும். கண்டபின் அப்பொருளைப் பயன்படுத்தினால், குறையோடு ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். வாங்கிய குதிரையின் நொண்டலைக் கண்டபிறகும் அதன்மேல் ஏறிச் சவாரி போவதுபோன்றது இது. ஹனபி மத்ஹபில் தாமதம் மட்டும் உரிமையை அழிக்காது, ஆனால் அறிந்தபின் பயன்படுத்துவது அங்கும் சம்மதத்தின் அடையாளந்தான். வெள்ளிக்கிழமை துருவைப் பார்த்தவர் திங்கட்கிழமைவரை கையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்! பாமரர் இந்த உடனடிச் சட்டத்தை அறியாதிருந்தால் அவருடைய அறியாமை ஒரு காரணமாக ஏற்கப்படும் என்றும் நூல்களில் இருப்பதாக ஆலிம் அவர்கள் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. "இந்தப் பாடத்தில் உட்கார்ந்த மற்றவர்களுக்கு இனி அந்தக் காரணம் கிடையாது" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இதை வாசிப்பவர்களுக்கும் அப்படியே.

இவ்வளவு சங்கடமும் ஒரு வார்த்தையால் தீர்ந்திருக்கும். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த ஒரு ஸஹாபியிடம், வாங்கும்போதும் விற்கும்போதும், ஏமாற்று இருக்கலாகாது என்று வாயால் சொல்லிவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று நாள் உரிமையும் அவருக்குக் கிடைத்ததாக அறிவிப்பு உண்டு. இதிலிருந்தே கியாருஷ் ஷர்த் என்னும் நிபந்தனைக் கெடு வந்தது. ஷாபிஈக்களிடமும் இமாம் அபூஹனீபாவிடமும் அதன் எல்லை மூன்று நாள். "தம்பி, வாங்கிக்கொண்டேன்; மூன்று நாளைக்குள் மனம் ஒப்பாவிட்டால் திருப்புவேன்" என்று பேசும்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர் முன்னிலையில் துண்டுக் காகிதத்தில் நாளும் மணியும் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. இதற்குச் சம்மதியாதவரிடம் வாங்காதிருப்பதே நம் அபிப்பிராயம்.

மூன்று நாள் ஒரு கடிகாரத்துக்கு வெகு பொருத்தம். முழுச்சாவி கொடுத்தால் இத்தகைய கடிகாரம் ஏறக்குறைய 40 முதல் 50 மணிநேரம் ஓடும். முதல் நாள் கைப்பேசி மணியோடு நிமிஷத்தையும் விநாடியையும் ஒத்து வைத்து, கையில் கட்டாமல் முகம் மேலாக வைக்கவும். இரண்டாம் நாள் சாவித்திருகு கீழாகச் சாய்த்து வைக்கவும். இரண்டு நிலையிலும் நாளொன்றுக்கு அரை நிமிஷத்துக்குள் முந்தவோ பிந்தவோ செய்தால், அந்த வயதுக்கு ஏதும் சொல்வதற்கில்லை. சான்றிதழ் பெற்ற புதுச் சுவிஸ் கடிகாரத்துக்கே சராசரியாக 4 விநாடி பிந்தவும் 6 விநாடி முந்தவும் அனுமதி உண்டு. ஒரு நிலையில் சரியாகவும் மறு நிலையில் பல நிமிஷம் தவறியும் ஓடினால் உள்ளே தேய்மானமோ அழுக்கோ இருக்கிறது. மூன்றாம் நாள் கடிகாரக்காரரின் யந்திரத்தில் வைத்துப் பார்க்கலாம். மேற்படி ஒமேகா மணிக்கு 19,800 துடிப்புத் துடிக்க வேண்டியது. சக்கரத்தின் வீச்சு 270 பாகையை ஒட்டியிருந்தால் நல்ல சுகம்; 200-க்குக் கீழே விழுந்தால் சர்வீஸ் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். இந்த மூன்று நாளும் கடிகாரத்தை மெருகிடவோ கீழே போடவோ கூடாது. நம் கையில் உண்டாகும் சேதம் நம் தலையில்தான் விடியும்.

இதுவரை ஏமாறாமலிருக்கும் வழியைச் சொன்னோம். ஏமாற்றாமலிருக்கும் வழியும் வாங்குபவருக்கு உண்டு. அன்று சபையில் ஒரு பெரியவர் எழுந்து, "கடிகாரம் ஐயாயிரம் பெறும் என்று நமக்குத் தெரிகிறது, கொண்டுவந்த விதவை ஐம்பது கேட்கிறாள். அப்போது என்ன?" என்றார். சபை அடங்கிவிட்டது. அங்கிருந்தவர்களில் பாதிப்பேருக்கு அப்படி ஒரு லாபம் எப்போதோ நினைவிருக்கக்கூடும், நம்மையும் சேர்த்து.

வெறும் விலைக்குறைவால் வியாபாரம் முறியாது என்பது ஷாபிஈச் சட்டம். ஆனால் சந்தைக்கு வந்து சேருமுன் வழியிலேயே வணிகக் கூட்டத்தைச் சந்தித்து, அவர்களுக்கு விலை தெரியுமுன் சரக்கை வாங்குவதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். சந்தைக்கு வந்து விலையறிந்தபின் விற்றவருக்கு முறிக்கும் உரிமையும் அளித்தார்கள். அறையைத் திறந்து கணவரின் கடிகாரத்தை எடுத்து வந்த பெண்மணியும் இன்னும் சந்தைக்கு வந்து சேராதவள்தான் என்றார்கள் ஆலிம் அவர்கள். பிறகு ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னார்கள். அவர்களுடைய ஆள் 300 திர்ஹமுக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து, பணம் கொடுப்பதற்காக உரியவரையும் அழைத்து வந்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்துவிட்டு, இது இன்னும் பெறுமே என்று தாமே விலையை ஏற்றிக்கொண்டு போய் 800 திர்ஹம் கொடுத்தார்கள். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களின் கையில் பைஅத் செய்திருந்தேன் என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஐயாயிரத்தையும் கொடு என்று யாரும் சொல்லவில்லை. வியாபாரிக்கு லாபம் ஹலால். ஆனால் இது இன்னதென்று அவளிடம் சொல்லிவிட்டு விலை பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அங்கத்தினரின் விஷயம் எப்படி முடிந்தது என்று பலர் கேட்டனர். மறுநாள் அவர் கடிகாரத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு இளைஞரின் வீட்டுக்குப் போனார். முகத்தட்டு மறுபடி எழுதியது என்பது இளைஞருக்கே தெரியாது. வாப்பா என்றைக்கோ செய்திருக்க வேண்டும். பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் திரைக்கு அப்பாலிருந்து தாயார், "எந்தக் கடிகாரம்?" என்று கேட்டார்.

விற்றது அவருக்குத் தெரியாது. ஈப்போவில் கட்டிக்கொடுத்திருக்கும் மகளுக்கும் தெரியாது. யாரும் கேட்க நினைக்காத கேள்வி இதுதான், நம் அங்கத்தினர் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதும் இதுதான். மவுத்தானவரின் கடிகாரம் மகனுடையதன்று. கடன் போக மீதியுள்ள சொத்தில் அதுவும் ஒன்று. மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் மட்டும் வாரிசானால், 24 பங்கில் தாயாருக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. மற்றவர்கள் பங்கை அவர்கள் சம்மதமின்றி விற்க மகனுக்கு அதிகாரமில்லை. ஷாபிஈ மத்ஹபில் அந்தப் பங்குகளில் விற்பனையே செல்லாது, ஹனபியில் உரியவர் சம்மதிக்கும்வரை தொங்கி நிற்கும்.

இளைஞர் அங்கேயே சகோதரிக்குப் போன் செய்தார். வாப்பாவின் மற்றதை எல்லாம் விற்றுக்கொள்ளட்டும், அதை மட்டும் விற்க வேண்டாம் என்று பதில் வந்தது. ஆயிரத்து இருநூறு வெள்ளியையும் அங்கத்தினர் இரண்டு தவணையில் பெற்றுக்கொண்டார். கடிகாரம் ஈப்போவுக்குப் போயிருக்கிறது.

தங்கப் பெட்டியுள்ள கடிகாரத்தைத் தவணைக்கு விற்கலாமா என்று இரண்டு அங்கத்தினர்கள் எழுதிக் கேட்டிருக்கின்றனர். அதை அடுத்த பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.